இருநூற்று எண்பத்தேழாவது வேலிக்கால்

அன்செல்மோ ரெந்தேரியாவிடம் வழி கேட்டவன் வீடு போய்ச் சேர்ந்த மாதிரிதான். "வடக்கு வாசல்லேர்ந்து அறுபத்திரண்டு கால் தள்ளிப் போ, அங்க பள்ளம் எறங்கும்" என்பான். கேட்டவன் கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டு வேறு ஆளைத் தேடிப் போய்விடுவான். வேலியே இல்லாத ஊரில் வேலிக்கால் எண்ணிச் சொன்னால் யாருக்குப் புரியும்? இன்றைக்கு லாஸ் கார்சாஸ் என்றால் லட்சம் பேர் குடியிருக்கிற நகரம். ஒரே அச்சில் வார்த்த மாதிரி ஓட்டுக் கூரைகள், தோண்டி நீர் நிரப்பிய ஏரி, வீட்டுக்கு இரண்டு கார். சுவருக்கு ஐந்து வண்ணம்தான் அடிக்கலாம். ஆறாவதைத் தொட்டால் குடியிருப்போர் சங்கத்திலிருந்து கடுதாசி வந்து நிற்கும். தெருக்களுக்கெல்லாம் ஸ்பானியப் பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயர்களை வாய் கோணாமல் சொல்லத் தெரிந்தவர்கள் எல்லாரும் அங்கே புல் வெட்டப் போகிறவர்கள்.

அதற்கு முன்னால் அது பண்ணை. இருபதாயிரம் ஏக்கர் மேய்ச்சல் காடு, இடையிடையே பார்லி. மைல் என்ன, ஏக்கர் என்ன என்று மெக்ஸிகோவிலிருந்து வந்து அங்கே வேலை செய்த நம் ஆட்கள் எவனுக்கும் தெரியாது, தெரிந்துகொள்ள அக்கறையும் கிடையாது. எல்லாம் வேலிக்கால் எண்ணிக்கைதான். வாசலில் தொடங்கி ஒன்று, இரண்டு என்று எண்ண வேண்டும். கம்பி அறுந்தால் "மேற்கு, இருநூத்தி ஆறு, நடுக்கம்பி" என்று வந்து சொன்னால் போதும், ஆணியும் சுத்தியலுமாக இன்னொருவன் நேரே அங்கே போய் நிற்பான். பழுப்புக் குதிரை குட்டி போட்ட இடம் தொண்ணூறு. மேஸ்திரி குடித்துவிட்டுக் குப்புற விழுந்த இடம் நூற்று நாற்பது; அவர் செத்து எத்தனையோ வருஷத்துக்குப் பிறகும் அங்கே குதிரை போகும்போது ஒருவன் தொப்பியைக் கழற்றி வணக்கம் வைப்பான், மற்றவர்கள் சிரிப்பார்கள். மேற்கு வேலி முழுக்க அன்செல்மோவின் பொறுப்பு. மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு கால். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எந்தக் கால் சாய்ந்திருக்கிறது, எதில் கரையான் ஏறியிருக்கிறது என்று சொல்வான்.

நாற்பத்தொன்பதாம் வருஷம் ஜனவரியில் அவனுடைய ஒரே பெண் இனேஸ் செத்துப்போனாள். மூன்று வயது. கக்குவான் இருமல். அந்த வாரம் மழையென்றால் மழை, ஓடை கரை புரண்டு பாலத்தைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டது. சான் அகபீட்டோ ஊரில்தான் கோயிலும் கல்லறைத் தோட்டமும். அங்கே போக வழியில்லை. இரண்டு நாள் பார்த்தார்கள். மூன்றாம் நாள் அன்செல்மோ தீவனப் பெட்டியை அறுத்துச் சின்னப் பெட்டி ஒன்று செய்தான். டெல்ஃபினா தன் கல்யாணச் சால்வையைக் கிழித்து உள்ளே விரித்தாள். மேற்கு வேலி, இருநூற்று எண்பத்தேழாவது காலிலிருந்து உள்பக்கமாகப் பத்தடி எடுத்து வைத்தால் ஒரு பெரிய கருவாலி மரம். அதன் கீழே புதைத்தார்கள்.

சிலுவை நட்டார்கள். மாடு முதுகு சொறிந்து சாய்த்தது. மறுபடி நட்டார்கள், மறுபடி சாய்ந்தது. மூன்றாம் தடவை பண்ணை மேலாளர், மாட்டுக்குக் கால் முறிந்தால் யார் பதில் சொல்வது, விட்டுவிடப்பா என்று சொன்னார். டெல்ஃபினா அன்றைக்கு அழுதாள். அன்செல்மோ அவளைத் தேற்றினான். சிலுவை எதற்கு, அடையாளம் எதற்கு, காலின் நம்பர் இருக்கிறதே, அது எங்கே போய்விடும் என்றான். வருஷா வருஷம் நவம்பர் இரண்டாம் தேதி, இறந்தவர்கள் நாளில், இரண்டு பேரும் சாமந்திப்பூவும் ரொட்டியும் எடுத்துக்கொண்டு அங்கே போவார்கள். வேறு பிள்ளை பிறக்கவில்லை.

அறுபத்திரண்டில் கிழ முதலாளி செத்தார். வாரிசுகள் பதினொரு பேர். மாட்டுக்கு முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று அதில் ஒருவருக்கும் தெரியாது. பக்கத்தில் நகரம் வீங்கிக்கொண்டே வந்ததில், அரசாங்கம் மேய்ச்சல் நிலத்துக்கும் வீட்டுமனை விலை போட்டு வரி கேட்டது. மாடு புல்லைத் தின்று அந்த வரியைக் கட்ட முடியுமா? வாரிசுகள் கூடிப் பேசி ஒரு கம்பெனி ஆரம்பித்தார்கள். படித்த திட்டக்காரர்கள் வந்தார்கள். பார்லிக் கொட்டகையில் பெரிய மேஜை போட்டு அட்டையில் ஒரு ஊரையே செய்து வைத்தார்கள். தக்கையில் மலை, பஞ்சில் மரம், நீலக் கண்ணாடியில் ஏரி. இங்கே பள்ளிக்கூடம், இங்கே கடைத்தெரு, எந்தக் குழந்தையும் சாலையைக் கடக்காமலே பள்ளிக்குப் போகலாம் என்று ஹாஸ்கெட் என்ற கம்பெனி அதிகாரி குச்சியால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். பண்ணை ஆட்களுக்கு எலுமிச்சைச் சாறு கொடுத்தார்கள். அன்செல்மோ மேஜையை இரண்டு சுற்றுச் சுற்றினான். மேற்கு வேலி எங்கேயும் இல்லை. அது ஓடின இடத்தில் சாம்பல் வண்ணத்தில் ஒரு நெடுஞ்சாலை கிடந்தது.

அன்றைக்கே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. முதலாளி மேஜைக்கு முன்னால் நின்று நம் ஆட்கள் எந்தக் காலத்தில் வாயைத் திறந்தார்கள்? அவனுக்குக் கடைசிவரை வேலை உண்டு என்று ஹாஸ்கெட் தோளில் தட்டினார். மிச்சமிருந்த மாடுகளோடு அவனைக் கிழக்கு மலைக்கு அனுப்பிவிட்டார்கள். எட்டு மாதம் அவன் மேற்குப் பக்கமே வரவில்லை; இயந்திரம் ஓடுகிற இடம் என்று அந்த நவம்பர் இரண்டுக்கும் உள்ளே விடவில்லை. பகல் முழுக்க அந்தத் திசையில் புழுதி எழுவது மட்டும் தெரியும். நானூறு மண்வெட்டி இயந்திரங்கள் என்று சொன்னார்கள். மலையின் தலையைச் சீவிப் பள்ளத்தில் கொட்டினார்கள்.

அறுபத்தைந்து மார்ச்சில் கம்பெனி வக்கீலுக்கு யாரோ விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்கள். வீடு விற்கிற நிலத்தில் பிணம் இருந்தால் வம்பு. ஹாஸ்கெட் ஆள் விட்டு அன்செல்மோவை அழைத்தார். நல்ல மனுஷன்தான், குறை சொல்ல முடியாது. செலவெல்லாம் கம்பெனியே ஏற்கும், ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் இடம் வாங்கியாகிவிட்டது, நீ இடத்தைக் காட்டு, நாளைக்கே எடுத்துவிடலாம், நாளை மறுநாள் அங்கே மண் கொட்டுகிறார்கள் என்றார்.

மறுநாள் காலையில் டெல்ஃபினா கறுப்பு உடுத்தி வந்தாள். இரண்டு பேரும் வண்டியிலிருந்து இறங்கினார்கள். மலை இல்லை. ஓடை இல்லை, அதைக் குழாய்க்குள் விட்டிருந்தார்கள். கருவாலி மரங்களைப் பிடுங்கிப் போட்டதில் எங்கே பார்த்தாலும் வேர்க்குழிகள். வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்து அடையாளம் பிடிக்கலாம் என்றால், அங்கே நெடுஞ்சாலைக்கு அரசாங்கம் வெட்டிக்கொண்டிருந்தது. பூமி முழுக்க ஒரே மஞ்சள் மண். வேலி மட்டும் நின்றது, அதையொட்டி ஒரு துண்டு நிலம் மட்டும் தொடாமல் கிடந்தது. வடக்கே, பண்ணை முத்திரை போட்ட பழைய இரும்பு வாசலும் அப்படியே நின்றது.

அன்செல்மோவுக்கு உயிர் வந்தது. வாசலைத் தொட்டுவிட்டு ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டு நடந்தான். பின்னால் டெல்ஃபினா, ஹாஸ்கெட், மண்வெட்டியோடு இரண்டு ஆட்கள். இருநூற்று எண்பத்தேழில் நின்று, உள்பக்கம் பத்தடி வைத்தான். பக்கத்திலேயே ஒரு வேர்க்குழி. சரியாக இருக்கிறது.

டெல்ஃபினா மட்டும் சுற்றும் முற்றும் பார்த்தாள். "இங்கயா செல்மோ? இன்னும் கொஞ்சம் தெக்கால இல்ல?"

"என் பேரு மறந்தாலும் இந்தக் காலு மறக்காது" என்றான் அவன். ஆட்களுக்கு முன்னால் மனைவி சந்தேகப்பட்டது அவனுக்குச் சுருக்கென்றிருந்தது. தோண்டச் சொன்னான்.

பதினாறு வருஷம் ஆன குழந்தையிடம் என்ன மிஞ்சும்? கறுத்து உளுத்த மரத்துண்டு மூன்றும், துருப்பிடித்த ஆணி ஒன்றும் கிடைத்தன. டெல்ஃபினா அதில் ஒரு துண்டைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு சத்தம் போட்டு அழுதாள். கம்பெனி கொடுத்த புதுப் பெட்டியில் மரத்தையும் மண்ணையும் போட்டு சான் அகபீட்டோவுக்குக் கொண்டுபோனார்கள். பாதர் மந்திரம் சொன்னார். பெயர் வெட்டின கல் வைத்தார்கள். ஹாஸ்கெட் தொப்பியைக் கழற்றிக்கொண்டு கடைசிவரை நின்றார். அதிலிருந்து டெல்ஃபினாவுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் அந்தக் கல்தான். துணியை நனைத்துத் துடைப்பாள், பூ வைப்பாள், பக்கத்தில் உட்கார்ந்து வாரத்துச் சமாசாரமெல்லாம் சொல்லுவாள். அவள் முகத்தில் ஒரு தெளிச்சி வந்ததே அதற்குப் பிறகுதான். ஒரு கல் இருந்தால் போதும், பெற்றவளுக்கு உட்கார ஒரு இடம் ஆகிவிடுகிறது.

ஊர் முளைத்தது. முதலில் மாதிரி வீடுகள், ஞாயிற்றுக்கிழமை பலூன் கட்டிக் கூட்டம் சேர்த்தார்கள். அப்புறம் நூறு, ஆயிரம். மாடு புரண்ட சேற்றுக்குட்டை ஏரியானது. எழுபதில் நெடுஞ்சாலைச் சத்தம் வீடுகளுக்குக் கேட்கிறது என்று மதில் எழுப்ப முடிவு பண்ணி, பழைய மேற்கு வேலியைப் பிடுங்கச் சொல்லி அன்செல்மோவையே அனுப்பினார்கள். தெற்கு முனையில் ஆரம்பித்தான். கை பிடுங்கிக்கொண்டிருக்க வாய் தானாக எண்ணிக்கொண்டே வந்தது, பழக்க தோஷம். நானூற்றுப் பன்னிரண்டு வந்தது. வாசல் வரவில்லை. நிமிர்ந்து பார்த்தான். வாசல் இன்னும் தள்ளி இருந்தது. நானூற்று நாற்பத்து மூன்றில்தான் வாசலைத் தொட்டான்.

திரும்பி நடந்து போய்ப் பார்த்தான். நானூற்றுப் பன்னிரண்டுக்குப் பக்கத்தில், புல்லுக்குள், முழ உயரத்தில் அறுத்த பழைய வாசல் தூணின் மரக்கட்டை ஒன்று. அவன் கையால் அடித்த கீல் ஆணி அதில் இன்னும் இருந்தது. இயந்திரங்கள் உள்ளே வர வசதியாக, அவன் கிழக்கே இருந்த அந்த எட்டு மாதத்தில், வாசலைப் பெயர்த்து வடக்கே கொண்டுபோய் நட்டிருக்கிறார்கள். நடுவில் விழுந்த இடைவெளிக்கு வேறெங்கேயோ பிடுங்கின பழைய கால்களையே நட்டுவிட்டார்கள், அதனால் பார்வைக்கு வித்தியாசமே இல்லை. மாடு இடம் மாறும், ஆள் இடம் மாறுவான், வாசலும் இடம் மாறும் என்று முப்பது வருஷம் வாசலிலிருந்தே எண்ணிப் பழகினவனுக்கு எப்படித் தோன்றும்? முப்பத்தொரு கால் வித்தியாசம். மகளை விட்டுவிட்டு வெறும் மண்ணைத் தோண்டி எடுத்துக்கொண்டு போய்ப் புதைத்திருக்கிறான். அந்த மரத்துண்டும் ஆணியும் என்றைக்கோ உளுத்து விழுந்த ஏதோ வேலிக்காலுடையது. அன்செல்மோ அந்தக் கட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டான். மத்தியானச் சாப்பாட்டுக்கு மற்றவர்கள் கூப்பிட்டபோது வயிறு சரியில்லை என்றான்.

சரியான இடத்தையும் எண்ணிப் பார்த்தான். வீயா செரேனா என்ற முட்டுச்சந்து. பதினாலாம் நம்பர் வீடு. நாற்பதடி மண் கொட்டி, அதற்கு மேல் கட்டியிருந்தார்கள். பத்தடிக் கணக்கு அந்த வீட்டுச் சமையலறைக்குள் போனது.

டெல்ஃபினாவிடம் சொல்லத்தான் வீட்டுக்குப் போனான். அவள் மறுநாள் கல்லுக்கு வைக்கப் பூவைத் தண்ணீரில் போட்டுக்கொண்டிருந்தாள். பாட்டு ஒன்று முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். எப்படிச் சொல்வது? அடுத்த வாரம் சொல்லலாம் என்று தள்ளினான். அடுத்த வாரம் அதற்கடுத்த வாரமானது. தள்ளிப்போட்ட பேச்சு நாளாக நாளாகக் கனத்துக்கொண்டேதான் போகும், குறைந்ததாகச் சரித்திரம் இல்லை.

மாடுகளையும் விற்றாகிவிட்டதும் அவன் குடியிருப்போர் சங்கத்தில் புல் வெட்டுகிற வேலை கேட்டு வாங்கிக்கொண்டான். குதிரை மேல் இருந்தவன் தள்ளுவண்டி இயந்திரத்துக்குப் பின்னால் நடந்தான். வீயா செரேனாவுக்குப் பின்னால் சரிவில் சங்கத்துப் புல்வெளி. அதையே எனக்குக் கொடுங்கள் என்று கெஞ்சினான். அங்கே நிழல் அதிகம், கிழவன் காரியக்காரன் என்று கூட வேலை செய்தவர்கள் கிண்டல் பண்ணினார்கள். பதினோரு வருஷம் அந்தச் சரிவை வெட்டினான். வந்ததும் ஒரு தரம், போகும்போது ஒரு தரம் பதினாலாம் நம்பருக்குக் கீழே இயந்திரத்தை நிறுத்துவான். இனேஸிடம் இரண்டு வார்த்தை பேசுவான். அம்மாவுக்கு முட்டி வலி, அம்மா இன்றைக்குச் சோளமாவு அடை செய்தாள், இப்படித்தான். அவனுக்கு அது பெரிய ஆறுதல். அந்த இரண்டு நிமிஷத்துக்காகவே அவன் வேலைக்குப் போனான் என்றுகூடச் சொல்லலாம்.

அந்த வீட்டுக்காரி லின்ட்குவிஸ்ட் என்ற அம்மாள். ஒரு கிழ மெக்ஸிகோக்காரன் தினமும் தன் சமையலறை ஜன்னலைப் பார்த்து ஏதோ பேசிக்கொண்டு நிற்கிறான் என்று சங்கத்துக்கு எழுதிப்போட்டாள். அவளையும் சொல்லிக் குற்றமில்லை, பயந்திருப்பாள். எண்பத்தொன்றில் கடுதாசி வந்தது. அன்செல்மோவை ஏரிப் பக்கம் மாற்றினார்கள். மூன்று வருஷம் வாத்து எச்சத்தைக் கூட்டிப் பெருக்கிவிட்டு ஓய்வு பெற்றான்.

எண்பத்தெட்டில் வோட்டுப் போட்டு லாஸ் கார்சாஸைத் தனி நகராட்சி ஆக்கினார்கள். ஊர்வலம், வாத்தியம், கேக். பண்ணைக்காலத்து ஆள் ஒருவன் வேண்டும் என்று அன்செல்மோவைத் தேடிப் பிடித்து வாடகைக் குதிரையில் ஏற்றி, அவன் ஆயுசில் போட்டிராத அகலத் தொப்பி ஒன்றைக் கவிழ்த்தார்கள். நம் நகரத்தின் வேர் என்று புது மேயர் கையைக் காட்டினார். ஜனங்கள் கைதட்டினார்கள். குதிரை மேலிருந்து அன்செல்மோ வீயா செரேனா திருப்பத்தையே பார்த்துக்கொண்டு போனான். அந்தப் பக்கம் ஊர்வலம் போகவில்லை.

மறு வருஷம் டெல்ஃபினாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போனது. ஆஸ்பத்திரியில் இனி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்றுவிட்டார்கள். அவள் கலங்கவில்லை. பாதரைக் கூப்பிட்டு எல்லாம் ஒழுங்கு பண்ணினாள். ஒரு காலையில் அன்செல்மோ கஞ்சிக் கிண்ணத்தோடு வந்து உட்கார்ந்தபோது சொன்னாள்: "செல்மோ, அந்தச் சின்னப் பெட்டியத் தோண்டி எடுத்து என் பெட்டிக்குள்ளயே வச்சிடணும். பாதர் சரின்னுட்டாரு. மூணு வயசுல மடியிலேர்ந்து எறக்குனேன். திரும்பி மடியில போட்டுக்கிட்டே போயிடறேன்."

அவன் கிண்ணத்தைக் கீழே வைத்தான். சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அவளும் நிம்மதியாகப் போயிருப்பாள். எத்தனையோ தரம் இதை யோசித்திருக்கிறான் பின்னால். ஆனால் வெறும் மண்ணை அவள் மடியில் கொண்டுபோய் வைக்க அவனுக்குக் கை வராது.

"எடுக்க வேணாம் டெல்ஃபி."

"ஏன்?"

"அதுல அவ இல்ல."

எல்லாவற்றையும் சொன்னான். வாசல் மாறினது, நானூற்று நாற்பத்து மூன்று, மரக்கட்டை, கீல் ஆணி. வேலிக்காரன் பெண்டாட்டி, அவளுக்குப் புரியவைக்க வேண்டியது ஒன்றும் இல்லை.

"எத்தன காலு?"

"முப்பத்தொண்ணு."

"எப்பத் தெரியும் உனக்கு?"

"எழுவதுல."

அவள் கூரையைப் பார்த்தாள். பத்தொன்பது வருஷம். அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று அன்செல்மோ மிச்சத்தையும் சொன்னான். இனேஸைத் தனியாக விடவில்லை, சரிவில் பதினோரு வருஷம் புல் வெட்டினதே அதற்காகத்தான், தினமும் இரண்டு தரம் நின்று பேசிவிட்டுத்தான் வருவேன், உன்னைப்பற்றியெல்லாம் சொல்லுவேன் என்றான். பாவி, அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

டெல்ஃபினா மெதுவாகத் தலையைத் திருப்பினாள். "தெனம் ரெண்டு தடவ அவகிட்டப் போயிட்டு வந்திருக்க. பதினோரு வருசம். என்னைய வெறுங் கல்லுக்குப் பூ வைக்க அனுப்பிட்டு."

"உனக்கு வலிக்கக் கூடாதுன்னுதான்..."

"எனக்கு வலிச்சா வலிச்சிட்டுப் போவுது, நான் பெத்தவ. தப்பா எண்ணுனே பாரு, அத மன்னிச்சிடுவேன் செல்மோ. யாருக்கும் தப்பும். என்கிட்டேர்ந்து எடுத்து நீ மட்டும் வச்சுக்கிட்டியே."

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். மறுநாள் காலையில் அவளே சட்டை மாற்றிக்கொண்டு, என்னை அங்கே கூட்டிப்போ என்றாள்.

வண்டியில் தலையணை வைத்து உட்காரவைத்துக்கொண்டு போனான். அவளால் இறங்க முடியாது. பதினாலாம் நம்பருக்கு எதிரே நிறுத்தினான். வாசல் வழியாக, உள்ளே சமையலறை வரை தெரிந்தது. லின்ட்குவிஸ்ட் அம்மாள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பொம்பள நிக்கிற எடமா?"

"கொஞ்சம் இந்தப் பக்கம். அடுப்புகிட்ட."

"எவ்வளவு ஆழம்?"

"நாப்பது அடி."

அவள் அடுப்புப் பக்கம் பார்வையைத் திருப்பினாள். அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். அரைமணி போயிருக்கும், சங்கத்துக் காவல் வண்டி பின்னால் வந்து நின்றது. காவல்காரன் குனிந்து, மரியாதையாகத்தான், யார் வீட்டுக்கு வந்திருக்கிறீர்கள் என்று கேட்டான். அன்செல்மோ வார்த்தை தேடுவதற்குள் டெல்ஃபினா சொல்லிவிட்டாள்: "எங்க பொண்ணு இங்கதான் இருக்கா."

அவன் வீட்டைப் பார்த்தான், கையிலிருந்த பட்டியலைப் பார்த்தான், இரண்டு கிழ முகங்களைப் பார்த்தான். அம்மா, இங்கே அப்படி யாரும் இல்லை, தனியார் தெரு இது, கிளம்புங்கள் என்றான். கிளம்பினார்கள்.

அதற்குப் பிறகு அவள் மூன்று வாரம் இருந்தாள். வந்தவர்களிடமெல்லாம் பேசினாள், சிரித்தாள்கூட. தன் தங்கை ஹோர்டென்சியாவிடம் இன்ன உடுப்புப் போடு, இன்ன ஜெபம் சொல்லு என்று எல்லாம் சொன்னாள். அன்செல்மோவிடம் மட்டும் தண்ணீர் வேண்டுமென்றாலும் தங்கையை விட்டுத்தான் கேட்பாள். நடந்ததை யாரிடமும் சொல்லவும் இல்லை. அந்த மட்டில் அவனைக் காட்டிக்கொடுக்கவில்லை. கடைசி நாள் மத்தியானம், அறையில் வேறு யாரும் இல்லாதபோது, அவன் பக்கம் திரும்பினாள்.

"என்னைய அந்தக் கல்லுக்குப் பக்கத்துலயே போடுங்க. எனக்கு அந்த மண்ணு பழகிப்போச்சு. ஆனா நீ என்கிட்ட வராத. ஒரு ஞாயித்துக்கெழமகூட வராத. அவகிட்டப் போ. அவ தனியாக் கெடக்கா."

அவன் தலையாட்டினான். அவள் கையைப் பிடிக்கப் போனான். அவள் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள். சாயங்காலம் போய்விட்டாள். அடக்கம் அவள் சொன்னபடி நடந்தது. சின்னப் பெட்டியை யாரும் தோண்டவில்லை. அவள் மனசை மாற்றிக்கொண்டாள் என்று பாதரிடம் அன்செல்மோ சொல்லிவிட்டான்.

அடுத்த வருஷமே தெருக்களெல்லாம் நகராட்சிக்குக் கைமாறின. இப்போது வீயா செரேனாவில் யார் வேண்டுமானாலும் நிற்கலாம், சட்டம் ஒன்றும் பண்ணாது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அன்செல்மோ பஸ் பிடித்துப் போவான். நடைபாதையில் ஒரு மணி நேரம் நிற்பான். லின்ட்குவிஸ்ட் அம்மாள் வீட்டை விற்றுவிட்டுப் போனாள், கொரியாக்காரர்கள் வந்தார்கள், அவர்களும் பார்த்துப் பழகிவிட்டார்கள். வயசு எண்பதைத் தாண்டிவிட்டது, ஒரு ஞாயிறு தவறினதில்லை.

டெல்ஃபினாவின் கல்லறைக்கு மட்டும் பதினோரு வருஷமாக ஒரு நாள் போகவில்லை. ஊர் வாயை மூட முடியுமா? நாற்பத்தைந்து வருஷம் குடித்தனம் பண்ணினவளைப் புதைத்த கையோடு மறந்துவிட்டான், கல்நெஞ்சன், புதுப் பணக்காரத் தெருவில் யாரையோ பார்க்கப் போகிறான் என்று பேசினார்கள். போன மாதம் கோயில் வாசலில் எல்லாருக்கும் முன்னால் ஹோர்டென்சியா அவன் வழியை மறித்தாள். "எங்கக்கா கல்லுல பாசி ஏறிக் கெடக்குது. பக்கத்துலதான இருக்கு தோட்டம், ஒரு தடவ எட்டிப் பாத்தா உன் காலு தேஞ்சா போயிடும்?"

சுற்றி நின்றவர்கள் அவன் என்ன சொல்லப்போகிறான் என்று பார்த்தார்கள். கேட்டின் வழியாகத் தோட்டத்துக் கற்கள் அவனுக்குத் தெரிந்தன, மூன்றாவது வரிசை வரைக்கும் தெரிந்தது. டெல்ஃபினா நாலாவது வரிசை. அன்செல்மோ ஹோர்டென்சியாவிடம், நீ சொல்றது சரிதான் என்றான். அப்புறம் தொப்பியை மாட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தான். ஞாயிற்றுக்கிழமையில் மணிக்கு ஒரு பஸ்தான் வரும்.